வெண்சங்குக் கப்பல், மூன்றாம் பாகம்

— அது வேண்டாம் மிஸ். அதில பொடியன் வீட்ட விட்டு ஓடுறான் எண்டு நீங்களே சொன்னீங்க.

— முதலாம் அதிகாரத்தில ஓடுறான் நானா. கடைசி அதிகாரத்தில திரும்பி வாறான்.

— இடையில எத்தின அதிகாரம்?

— ஒரு முப்பது வரும்.

— முப்பது அதிகாரமும் உம்மாக்காரி அழுதுகொண்டு இருப்பா. வேண்டாம். வேற ஒண்டு காட்டுங்க.

— ஸெய்னுதீன் நானா, நீங்கள் பதினொரு வயசுப் பிள்ளைக்கு வீரதீரக் கதை கேட்டு வந்திருக்கிறீங்கள். வீட்டுக்குள்ள இருந்துகொண்டு என்ன வீரம் காட்டுறது? குசினியில பூனை பாலைக் குடிச்சிட்டுது எண்டு எழுதேலுமோ?

— எழுதினா என்ன. நான் வாசிப்பன்.

— நீங்கள் வாசிப்பீங்கள். உங்கட மகள் முதல் பக்கத்தோட மூடி வைச்சிடுவா. ஸல்ஹாவை எனக்குத் தெரியும்.

— அதுக்குத்தானே மிஸ் உங்களிட்ட வந்த. கமலாதேவி மிஸ் எடுத்துத் தந்தா அவள் வேண்டாம் எண்டு சொல்லமாட்டாள். எனக்கு இந்தப் புத்தகத்தில தல எது வால் எது எண்டு தெரியாது.

— முதல்ல அந்தக் கதிரையில இருங்கோ. நிண்டுகொண்டு புத்தகம் தெரிவு செய்யேலாது.

— இல்ல மிஸ், நான் இந்த நீட்டு வாங்கில இருக்கிறன். அந்தக் கதிரையில இருந்தா ஜன்னல் வெளிச்சத்த மறைச்சிடும்.

— ஆருக்கு மறைக்கும்?

— … புத்தகத்துக்கு.

— ஓ. அதுவும் சரிதான். இருங்கோ.

— செருப்பு வாசல்லயே கழட்டினன். உங்கட லைபிறரித் தலைவர் சோமசேகரம் ஐயாட சட்டம் எனக்குத் தெரியும்.

— சிவப்புச் சீமெந்துக்கு மெழுகு பூசி வைச்சிருக்கிறார். புத்தகத்தில ஒரு தாள் கிழிஞ்சாலும் பொறுப்பார். நிலத்தில ஒரு மண் அடையாளம் கண்டாரோ, துலைஞ்சுது.

— வாசல்ல முதலே ஒரு சோடி கிடந்திச்சு. வார் அறுந்து தைச்ச சோடி.

— அது… என்ரதான்.

— சின்னக் கால் மிஸ் உங்களுக்கு.

— ஓம். எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் சின்னக் கால்.

— வார் நல்லாத் தைச்சிரிக்கி. கப்பல் பாய் தைக்கிற நூலாக்கும்.

— அப்பிடித்தான் தைச்ச ஆள் சொன்னவராம். சரி, நேரம் போகுது. எப்ப வெளிக்கிடுறீங்கள்?

— சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. கட்டில், ஆட்டுக்கல்லு, கோழிக்கூடு, ஒரு ஆடு. மச்சான் தாஹிர் மூதூருக்குப் போற லோஞ்ச ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கொண்டு ஜெட்டியில நிக்கிறான். காத்து எழும்ப முந்திக் குடாவத் தாண்டோணும் எண்டு குதிக்கிறான்.

— உங்கட மனிசி றுக்கியா?

— பெட்டிக்கு மேல ஏறி இருக்கிறா. நான் இறங்கமாட்டன், ஆரும் வந்து பெட்டியோட ஏத்துங்க எண்டு.

— ஸல்ஹா?

— … உம்மாவுக்குப் பக்கத்திலதான்.

— ஓ. பக்கத்தில.

— ஓம். முகத்தத் தூக்கி வெச்சுக்கொண்டு.

— பாவம்.

— ஆரு, நானா அவளா?

— ரெண்டு பேரும்.

— நாலஞ்சு நாளா என்னோட கதை இல்ல மிஸ். சாப்பிடு எண்டா சாப்பிடுறாள். படு எண்டா படுக்கிறாள். வாப்பா எண்டு ஒரு சொல்லு வாயில வருதில்ல. மூதூரில லைபிறரி இல்லையாம், அதால வரமாட்டாளாம். இத உம்மாவுக்குச் சொல்லி, உம்மா எனக்குச் சொல்லுறா. எதிர எதிர இருக்கிறம், நடுவில தபால்.

— மூதூரில இல்லைத்தான்.

— இல்லத்தான். நான் இல்ல எண்டா சொல்லுறன்? வெள்ளைக்காரன் டொக்யாட்டில கொடிய இறக்கிப்போட்டு அவன்ட பாட்டில போயிட்டான். கப்பல் வராத இடத்தில கயிறு பின்னுறவனுக்கு என்ன வேல? மூதூரில என்ட கூடப்பிறந்த மூத்த காக்காக்கு வயல் இரிக்கி, எருமை இரிக்கி. வா எண்டு கூப்பிடுறார். எனக்கும் போக விருப்பமில்ல மிஸ். ஆனா இங்க இருந்து என்னத்தத் தின்னுறது?

— எனக்கு விளங்குது நானா.

— உங்களுக்கு விளங்குது. அவளுக்கு விளங்கோணுமே. தூக்கி லோஞ்சில போடலாம், நெல்லு மூட்ட தூக்கின தோள்தான். ஆனா தூக்கிப் போட்டுக்கொண்டு போன புள்ள பிறகு என்னோட கதைக்குமா? அதான் ஒரு புத்தகம் கேக்கிறன். அவளாக் காலத் தூக்கி லோஞ்சில வைக்கிற மாதிரி ஒண்டு.

— அப்பிடி ஒரு புத்தகத்தை எந்தத் தட்டில வைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை… பாப்பம். இது, யானைப்பாதை எண்டு ஒண்டு. வன்னிக்காட்டில யானை பிடிச்சு யாழ்ப்பாணத்துக்கு நடத்திக்கொண்டு போறதுதான் கதை. பாகன்ர மகள் ஒருத்தி கூடப் போறா. ஒவ்வொரு அதிகாரத்திலயும் ஒரு குளம், ஒரு காடு, ஒரு கரைச்சல். சரித்திரமும் வரும், ஆனா கையைப் பிடிச்சு இழுத்து இருத்தி வைச்சுப் படிப்பிக்காது.

— யானை சாகுதா?

— ஏன் கேக்கிறீங்கள்?

— போன முறை ஒரு குதிரை செத்த கதை குடுத்தீங்க. எங்கட வீட்டில மூண்டு நாள் துக்கம். உம்மாவும் சேந்து அழுதவ. நான் வேலையால வந்து, ஆர் மவுத்தாப் போனது எண்டு கேட்டன்.

— இதில யானை சாகாது. சந்தையில வித்துப் போடுவினம்.

— அது அதவிட மோசம். வேற?

— சுறாமுனைப் புதையல். நாலு பிள்ளையள், ஒரு வழிப்படம் கீறின தோல், கடற்கரையில ஒரு குகை. புத்தகத்தின்ர முதல் தாளிலயே அந்தப் படம் இருக்கு. பிள்ளையள் வாசிக்கேக்க விரலை வைச்சுப் பாத்துப் பாத்துப் போகலாம்.

— அது வாசிச்சாச்சு. வாசிச்சுப்போட்டு வீட்டு வளவில கிண்டினாள். ஒண்டும் இல்ல எண்டு பக்கத்து வீட்டு பாக்கியரத்தினம் அக்காட வளவிலயும் போய்க் கிண்டினாள். அவவின்ட மரவள்ளி முழுக்கப் பிடுங்கிப் போட்டாள்.

— அது எனக்குச் சொல்லேல்லை அவ.

— என்னெண்டு சொல்லுவாள்? மரவள்ளியக் கொண்டு போய்ப் பிறகு நான்தான் நட்ட. வேற.

— இந்தத் தட்டில மேல இருக்கிற தடிச்ச புத்தகத்தைக் கேக்காதேங்கோ.

— ஏன், வடிவா இரிக்கி. பொன் எழுத்து.

— பொன் எழுத்துத்தான். முதலாம் அதிகாரத்தில நந்தவனம். ரெண்டாம் அதிகாரத்தில நிலவு. மூண்டாம் அதிகாரத்தில இளவரசி பெருமூச்சு விடுறா. பதினொரு வயசுப் பிள்ளை அந்தப் பெருமூச்சை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது? ஆரும் குதிரையில ஏற எழுபது பக்கம் செல்லும்.

— அப்ப கொமிற்றி என்னத்துக்கு வாங்கின?

— சரித்திரக் கதை எண்டாச் சிறுவருக்கு நல்லம் எண்டு தலைவர் வாங்கினவர். வாசிச்சுப் பாத்து வாங்கேல்லை. பாரத்தைப் பாத்து வாங்கினவர்.

— இது?

— அது அதுக்கு மற்றப் பக்கம். கதைக்குள்ள ஒரு சரித்திர வாத்தியார் ஒளிச்சிருக்கிறார். வாள்ச் சண்டை நடக்கேக்க நடுவில எழும்பி வந்து, இந்த அரசன் எத்தினையாம் ஆண்டு முடிசூடினவன் எண்டு சொல்லிப்போட்டுப் போவார். ஸல்ஹா என்ன சொன்னவ தெரியுமோ? மிஸ், அவர் விலகி நிண்டா சண்டையப் பாக்கலாம் எண்டு.

— ஹ்ம்… அவள்ட வாய்.

— நல்ல வாய் நானா. நான் ஒரு புத்தகத்தைக் குடுத்தா, அவ வாசிச்சுப்போட்டு வந்து இந்த மேசைக்கு முன்னால நிண்டு சொன்னாத்தான் எனக்கும் அந்தப் புத்தகம் முடியும். மற்றப் பிள்ளையள் நல்லம் மிஸ் எண்டு வைச்சிட்டு ஓடுங்கள்.

— … என்ன சத்தம் மிஸ் அது?

— எது?

— அலுமாரிக்குப் பின்னால. தாள் பிரட்டுற மாதிரி.

— எலி.

— லைபிறரிக்கு எலி கூடாதே.

— இது ஒண்டும் கடிக்கிற எலி இல்லை. பழைய பேப்பர் கட்டுக்குள்ள இருக்கும். நீங்கள் கவலைப்படாதேங்கோ.

— நான் கவலைப்படல்ல. இரிக்கட்டும்… நான் கேக்கிறது அந்தக் கப்பல் கதை மிஸ். வெண்சங்கு. முதலாம் பாகமும் ரெண்டாம் பாகமும் இங்கதான் எடுத்தவள். ஒவ்வொரு நாளும் நான் சோறு தின்னேக்க எனக்குக் கதை சொல்லுவாள். மூண்டாம் பாகம் வரும் வரும் எண்டு எத்தின மாசம் பாத்துக்கொண்டு இருந்தவள்.

— வந்திருக்கு. யாழ்ப்பாணத்தில இருந்து பார்சல்ல இந்தக் கிழமைதான் வந்தது.

— அத எடுத்துத் தாங்களன். கதை முடிஞ்சிது.

— தரேலாது நானா. புதுப் புத்தகம் வந்தா ஒரு மாசத்துக்கு வாசிகசாலைக்கு வெளியால போகக்கூடாது. எல்லாரும் இங்கை இருந்துதான் வாசிக்கோணும். அதுக்குப் பிறகுதான் வீட்டை குடுக்கிறது. மற்றது, ஊரை விட்டுப் போறவைக்கு அட்டையும் இல்லை.

— அட்டைய நேத்து நானே தந்திட்டன்.

— ஓம். நீங்கள் அட்டையை மேசையில வைச்சனீங்கள். அவ வாசலில நிண்டவ. ஒரு நாளும் இல்லாத மாதிரி, செருப்பைக் கழட்டாமல் நிண்டவ.

— அப்ப எனக்கு விளங்கல்ல மிஸ். ஒரு அட்டைதானே, போக முந்திக் குடுத்திடுவம் எண்டு நினைச்சன். வாடகை வீட்டப் பூட்டித் திறப்பக் குடுக்கிற மாதிரி குடுத்திட்டன்.

— நீங்கள் ஒழுங்கான மனிசன், அதால குடுத்தனீங்கள். சில ஆக்கள் அட்டையோட கொழும்புக்குப் போட்டினம்.

— அந்த மூண்டாம் பாகத்தக் கண்ணாலயாவது காட்டுங்க. எவ்வளவு தடிப்பு எண்டு பாப்பம்.

— இப்ப காட்டேலாது. ஒரு வாசகரிட்டை இருக்கு.

— இங்க இருந்துதான் வாசிக்கோணும் எண்டு சொன்னீங்க. மேசையில ஆரும் இல்ல.

— … உள்ளுக்கு இருந்து வாசிக்கினம். காத்து வாற பக்கமா.

— ஓ. உள்ளுக்கு.

— ஓம்.

— அவர் வேகமா வாசிக்கிறவரா?

— நல்ல வேகம். ஆனா சண்டை வாற இடத்தை ரெண்டு தரம் வாசிக்கிற பழக்கம் இருக்கு.

— ஓம், தெரியும்.

— உங்களுக்கென்னெண்டு தெரியும்?

— … எல்லாரும் அப்பிடித்தானே மிஸ்.

— ஓம். எல்லாரும் அப்பிடித்தான்.

— கேக்குதா? தாஹிர் கோர்ன் அடிக்கிறான்.

— கேக்குது. நீங்கள் போகோணும் எண்டா…

— இரிக்கட்டும். காத்து இன்னும் எழும்பல்ல. தென்ன ஓலை அசையுதா பாருங்க, ஒண்டும் இல்ல. தாஹிர் எப்பவும் அவசரக்காரன். நீங்க எடுத்துக் காட்டுங்க, நான் இன்னும் ஒண்டும் தெரிவு செய்யல்ல.

— சரி, இருங்கோ… நிலவறைக் கோட்டை.

— பேயா?

— பேய் இல்லை. சுரங்கம். கோட்டைக்குக் கீழால ஒரு பாதை. ரெண்டு அண்ணன் தம்பி ஒரு விளக்கை வைச்சுக்கொண்டு போகினம். விளக்கில எண்ணெய் முடியுற மாதிரி ஒவ்வொரு அதிகாரமும் முடியும்.

— அது வாசிச்சுப்போட்டுப் பத்து நாள் ராவில விளக்க அணைக்க விடல்ல. மண்ணெண்ணைய் நான் வாங்கினது.

— எல்லாம் வாசிச்சுப் போட்டா. பிறகென்னத்தை நான் தாறது?

— அப்ப நீங்க எப்பிடித் தெரிவு செய்யிற மிஸ்? கேக்கிறன். நாளைக்கு நானே ஒரு கடையில நிண்டு வாங்கோணும் எண்டா, என்னத்தப் பாத்து வாங்கிற?

— உண்மையாக் கேக்கிறீங்களோ, நேரம் போக்காட்டக் கேக்கிறீங்களோ?

— ரெண்டும்.

— முதல் பத்துப் பக்கத்துக்குள்ள ஆராவது வீட்டை விட்டு வெளிக்கிடோணும். கோவிக்காதேங்கோ, அது கட்டாயம். அந்த ஆள் வாசிக்கிற பிள்ளையின்ர வயசில இருந்தா நல்லம். இல்லாட்டி ஒரு வயசு கூட. குறைஞ்சா மதிக்காதுகள். அதிகாரம் சின்னனா இருக்கோணும், ஒவ்வொண்டின்ர கடைசியிலயும் கதவு அரைவாசி திறந்தபடி நிக்கோணும். ஆனா எல்லாக் கதவுக்குப் பின்னாலயும் கள்ளன் நிண்டாப் பிள்ளையள் நம்பாதுகள். ஒருக்கா மாமியும் நிக்கலாம். சரித்திரக் கதை எண்டா, அந்தக் காலத்தில என்ன சாப்பிட்டவை, எங்கை படுத்தவை எண்டு இருக்கோணும். அரசனுக்கு எத்தினை பட்டம் எண்டது பிறகு. ஸல்ஹா ஒருக்கா என்னைக் கேட்டவ, மிஸ், இவங்கள் மூண்டு நாளாச் சண்டை பிடிக்கிறாங்கள், சோறு ஆர் சமைக்கிற எண்டு. எழுதின ஆள் அதை யோசிக்கேல்லை.

— அவள்ட உம்மாவும் அதத்தான் கேட்டிருப்பா.

— மற்றது, கெட்டவன் நல்லாக் கெட்டவனா இருக்கோணும். எல்லாத்துக்கும் மேல, வீட்டை விட்டு வெளிக்கிட்டவை ஏதோ ஒரு மாதிரித் திரும்பி வரோணும்.

— கொஞ்சம் பலமாச் சொல்லுங்க மிஸ். எனக்கு ஒரு காது மந்தம்.

— உங்களுக்கோ? இவ்வளவு நேரமும் எலி தாள் பிரட்டினது கேட்டுது.

— டொக்யாட்டில இரும்புச் சத்தம் மிஸ். சில நேரம் கேக்கும், சில நேரம் கேக்காது. பலமாச் சொல்லுங்க.

— வெளிக்கிட்டவை திரும்பி வரோணும் எண்டு சொன்னனான்.

— ஆ. இப்ப கேட்டிச்சு. அப்ப நானும் பலமாச் சொல்லுறன், உங்களுக்கும் கேக்கட்டும். மூதூரில இருந்து கிழமைக்கொருக்காத் தயிர்ச் சட்டி கொண்டு இங்க சந்தைக்கு வருவன். லோஞ்சில இடம் இரிக்கும். என்னோட ஆரும் வாறதெண்டா வரலாம்.

— ஆரும் எண்டா?

— ஆரும் எண்டா ஆரும்.

— அப்பிடி வாற ஆளுக்கு என்ர சொந்தப் புத்தகம் இருக்கு நானா. ஓர்ஸ் ஹில்லில என்ர வீட்டில ஒரு அலுமாரி நிறைய. அதுக்குத் தலைவர் சட்டம் போடேலாது. அட்டையும் தேவையில்லை.

— தயிர் ஒரு சட்டி உங்களுக்கு.

— தயிருக்குப் புத்தகம் மாத்துற கடை இல்லை அது.

— கடைக்கு இல்ல மிஸ், தின்னுறதுக்கு.

— அப்பச் சரி. ஆனா ஒண்டு. வாசிச்ச ஆள்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வரோணும். நீங்கள் கொண்டு வந்து மேசையில வைச்சிட்டுப் போறது சரிவராது. வந்து நிண்டு கதை சொல்லோணும்.

— அதையும் பலமாச் சொல்லுங்க.

— சொல்லிப் போட்டன். ஜெட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

— ஜெட்டிக்குக் கேக்கத் தேவையில்ல… அந்தக் கப்பல் கதை எனக்கு முழுக்கத் தெரியும் மிஸ். நான் சொல்லவா?

— நீங்களோ?

— ஓம். கதிரன் எண்டு ஒரு பொடியன். கோட்டையில ஒல்லாந்துக்காரனுக்குச் சமைக்கிறவன்.

— சமைக்கிறவன் இல்லை நானா, கப்பலில பாய் ஏத்துற…

— சமைக்கிறவன். கோழி பொரிப்பான். ஒரு நாள் தேங்கா திருவுற நேரம் பீரங்கி வெடிச்சிட்டிது. இவன் பயந்து ஒரு பீப்பாவுக்குள்ள ஒளிச்சிட்டான்.

— பயந்து ஒளிக்கேல்லை… ஓலையைக் காப்பாத்த… ஆ, விளங்குது. சொல்லுங்கோ.

— அந்தப் பீப்பாவ வெண்சங்குக் கப்பலில ஏத்திட்டாங்க. கப்பல் தலைவன் நல்ல மனிசன், ஒரு கண் இல்ல.

— ரெண்டு கண்ணும் இருக்கு. காதுதான் ஒண்டு இல்லை.

— கண் இல்ல. பிறகு கண்டி ராசாவுக்கு ஓலை கொண்டு போகோணும். இவன் ஒரு வெள்ளைக் குதிரையில ஏறி, கொட்டியாரக் குடாவால, கடலுக்கு மேலால…

— அய்யோ நானா.

— … எலி குதிக்கிது மிஸ்.

— பாவம், அதுக்குத் தாங்கேலாமல் இருக்கு. இப்பிடிக் கதை சொன்னா எந்த எலியும் குதிக்கும்.

— குதிக்கட்டும். நாலஞ்சு நாளுக்குப் பிறகு நான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஒரு… எலி குதிச்சிருக்கு.

— உங்கட கண் ஏன் கலங்குது?

— மெழுகு மணம். உங்கட தலைவர் கனக்கப் பூசிப் போட்டார்.

— தண்ணி தரட்டோ?

— வேண்டாம். ஒண்டு கேக்கிறன், மெதுவாச் சொல்லுங்க. மூண்டாம் பாகத்தில கதிரனுக்கு என்ன நடக்கிது?

— இப்ப மெதுவாச் சொன்னாக் காது கேக்குமோ?

— இப்ப கேக்கும்.

— நான் நேற்றிரவே வாசிச்சுப் போட்டன். ஆனா முடிவைச் சொல்லமாட்டன். வாசிக்காத ஆளுக்கு முடிவைச் சொல்லக்கூடாது. கொட்டியாரத்துக்குப் போறான் எண்ட மட்டும் சொல்லலாம்.

— கொட்டியாரம் எண்டா எங்கட மூதூர்ப் பக்கம்தானே.

— ஓம். அங்கை ஒரு பெரிய புளியமரத்தடியில அவனைப் பிடிக்கினம்.

— மூதூரில பழைய புளியமரம் ஒண்டு இரிக்கி மிஸ். அந்தக் காலத்தில வெள்ளைக்காரன்ட கப்பல் ஆக்கள ராசாட ஆக்கள் பிடிச்ச இடம் எண்டு சனம் கதைக்கும். காக்காட வீட்டில இருந்து நடந்து போகலாம்.

— நடந்து போகலாமோ?

— போகலாம். நான் சின்ன வயசில அதில ஏறி விழுந்து கை முறிஞ்சனான். பிள்ளையள் இப்பவும் ஏறுறாங்க. ஆனா கதிரன் எண்டு ஒருத்தன அதில பிடிச்ச கதை அங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஆரும் போய்ச் சொன்னாத்தான் தெரியும்.

— … சத்தம் நிண்டிட்டுது.

— ஓம். நிண்டிட்டிது. இப்ப எந்த இடமா இருக்கும்?

— கடைசி அதிகாரம் எண்டு நினைக்கிறன். அந்த இடத்தில தாள் பிரட்டக் கை வராது. எனக்கும் வரேல்லை.

— மிஸ், லைபிறரி அஞ்சரைக்குப் பூட்டுறதெல்லோ. மணி ஆறாகுது.

— மணிக்கூடு கொஞ்சம் முந்தி ஓடுது.

— தலைவர் வந்தா?

— நிலத்தைப் பாப்பார். மண் இல்லை. பேசாமல் போவார்.

— அல்லாஹ் உங்களுக்கு நல்லாக்கி வைக்கட்டும்.

— என்னத்துக்கு? நான் ஒண்டும் செய்யேல்லை. ஒரு தகப்பன் பிள்ளைக்குப் புத்தகம் கேட்டு வந்தவர், நான் காட்டிக்கொண்டு இருக்கிறன். என்ர வேலை அதுதானே.

— திரும்பக் கோர்ன் அடிக்கிறான். ரெண்டு தரம் அடிச்சிட்டான். ஓலையும் அசையத் துவங்கிட்டிது.

— அப்ப எழும்பப் போறீங்களோ?

— … எத்தின பக்கம் இரிக்கும், அந்த வாசகருக்கு?

— கொஞ்சந்தான். ஒரு நாலஞ்சு. நீங்கள் இன்னும் ஒரு புத்தகம் கேளுங்கோ.

— அலை அடிச்சு நனைஞ்சா நனையட்டும். ஆட்டுக்குத்தான் தடிமன் பிடிச்சு மூக்கு வடியும். கேக்கிறன். இந்தக் கீழ்த் தட்டில சிவப்பு மட்டை போட்டது, அது என்ன?

— அது சமையல் புத்தகம் நானா. ஆரோ மாறி வைச்சிட்டினம்.

— இரிக்கட்டும், அதப்பத்திச் சொல்லுங்க.

— சொல்லுறன். முதலாம் அதிகாரம் ரசம்.

— ஆராவது வீட்ட விட்டு வெளிக்கிடுறாங்களா?

— ரசம் பொங்கிச் சட்டியை விட்டு வெளிக்கிடுது.

— திரும்பி வருதா?

— வரேல்லை. அடுப்பை அணைச்சுப் போடுது.

— அப்ப அது பிள்ளையளுக்குக் கூடாது. ரெண்டாம் அதிகாரம்?

— ரெண்டாம் அதிகாரம்… பொறுங்கோ. அலுமாரிப் பக்கம்…

— கேட்டிச்சு. மட்டை மூடின சத்தம்.

— ஓம்.

— மிஸ், நான் ஒண்டும் கூப்பிடல்ல. நீங்களும் கூப்பிடாதீங்க. அவளா… அந்த வாசகர் தானா வரட்டும்.

— நான் வாய் திறக்கேல்லை.

— கால் சத்தம் வருது மிஸ்.

— முடிஞ்சிட்டிது வாப்பா. குதிரையில இல்ல, அவன் வள்ளத்திலதான் போறான். வாங்க, நாங்களும் போவம்.